கட்டு எதனால் நிற்கிறது?

ஆயுத பூஜையில் வணங்கப்படுவது கருவியா, கருவியைப் பற்றிய அறிவா என்ற கேள்வி அந்த நாளின் பெயரிலேயே இருக்கிறது. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் வீட்டில் சரஸ்வதி பூஜை. பட்டறையில் ஆயுத பூஜை. மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் இரண்டும் பல வீடுகளில் ஒரே மேசையில் நடந்துவிடும். ஒரு பக்கம் பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளிப் புத்தகங்கள், இன்னொரு பக்கம் ஸ்பானரும் சுத்தியலும் பால்வெட்டுக் கத்தியும். நடுவில் பொரி, கடலை, வாழைப்பழம். வாசலில் நிற்கும் லோரியின் முகப்பில் திருநீற்றுப் பட்டை. முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். வண்டி ஒரு முழம் நகர்ந்து பழம் நசுங்கியதும் பூஜை முடிந்ததாகக் கொள்வார்கள்.

அத்தோடு அது முடிந்துவிடுகிறதா என்பதுதான் இங்கே ஆராயப்படுவது. பொதுவாகப் பேசினால் இக்கேள்வி நழுவிப்போகும். ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வது நல்லது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் டீசல் எஞ்சினில், டர்போவைப் புகை மேனிஃபோல்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சில ஸ்டட்டுகளும் (தலையில்லாத மரையாணிகள்) அவற்றின் நட்டுகளும் அந்தப் பொருள். பூஜையன்று சந்தனம் அவற்றை எட்டுவதில்லை; மூடிக்கும் குழாய்களுக்கும் அடியில், புகைக்கரி படிந்து கிடக்கும். வண்டியின் உயிரோ அவற்றின் பிடியில் இருக்கிறது.

மலாக்காவில் இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் போடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டம் தோட்டமாகத் தமிழர் குடியேறினர். அவர்களோடு மாரியம்மனும் முனியாண்டியும் வந்தார்கள். ஆயுத பூஜையும் வந்தது. முதலில் மேசையேறியவை பால்வெட்டுக் கத்தி, மண்வெட்டி, மாட்டு வண்டி. பிறகு ரப்பர்ப் பால் உருளைகளும் ஆலை இயந்திரங்களும் சேர்ந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குலை வெட்டும் நீள்கம்பு அரிவாளும் டிராக்டரும் லோரியும் அந்த வரிசையில் நின்றன. வழிபாட்டு முறை மாறவில்லை. வழிபடப்படும் பொருள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். டர்போ ஸ்டட்டின் இறுக்கத்தை அப்படித் தெரிந்துகொள்ள முடியாது. பக்தி பழைய இடத்திலேயே நிற்க, அறிவு மட்டும் ஒரு படி ஏற வேண்டிய நிலை அங்கேதான் உண்டானது.

சிறிய இணைப்புப் பொருளுக்குத் தமிழ் மரபில் பெரிய இடம் உண்டு. திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரத்தில் 667-ஆம் குறள், உருவத்தின் சிறுமையைப் பார்த்து யாரையும் இகழக்கூடாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியைக் காட்டுகிறது. சக்கரம் அச்சைவிட்டுக் கழன்றோடாமல் தடுக்கும் விரல் நீள இரும்பு அது. மாசி மகத்தன்று மலாக்கா நகரத்துப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குத் தேர் புறப்படும்போது, கூட்டத்தின் கண்ணெல்லாம் சுவாமியின் அலங்காரத்தில் இருக்கும். தேரைக் கொண்டுசெல்பவரின் கண் ஆணியில் இருக்க வேண்டும். அது பக்திக் குறைவு ஆகாது. அவருக்கு ஒதுக்கப்பட்ட பக்தி அதுவே.

பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல், டச்சுக்காரர் ஆட்சியில், மலாக்காச் செட்டிகளின் முயற்சியால் எழுந்தது. அது நிற்கும் தெரு ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. அதே வரிசையில் தொடர்வது ஜாலான் துக்காங் பெசி, கொல்லர் தெரு. உலோகத்தோடு உழைத்தவர்களின் தெருவில் விநாயகர் அமர்ந்திருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் வண்டியும் விநாயகரும் சேரும் இடத்தில் தமிழ் மரபு ஒரு கதையை வைத்திருக்கிறது. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்காமல் தேரேறியதால் தேரின் அச்சு முறிந்தது. முறிந்த இடம் செங்கற்பட்டு மாவட்டத்து அச்சிறுபாக்கம். அருணகிரிநாதரின் திருப்புகழில் விநாயகர் துதியாக முதலில் பாடப்படும் பாட்டிலேயே இந்த நிகழ்ச்சி வந்துவிடுகிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் வழக்கத்தின் பின்னால் நிற்கும் அச்சத்தை, பயணத்தின் நடுவில் முறிந்துவிடுமோ என்ற அச்சத்தை, இந்தக் கதை அப்படியே சொல்லிவிடுகிறது.

கதையை இரண்டு விதமாகப் படிக்கலாம். வணங்காததால் அச்சு முறிந்தது, வணங்கினால் முறியாது. இது ஒரு படிப்பு. பெருமான் ஏறிய தேரானாலும் புறப்படுமுன் நின்று பார்க்க வேண்டியதைப் பார்க்காவிட்டால் அச்சு முறியும். இது இன்னொன்று. முதல் படிப்பில் வணக்கம் ஒரு கட்டணம். செலுத்தியாயிற்று என்றால் வண்டியை எடுக்கலாம். இரண்டாவதில் வணக்கம் என்பது நின்று பார்ப்பது. சிவனுக்கே விலக்கு அளிக்காத கதை, முதல் படிப்பை அவ்வளவாகத் தாங்காது. எல்லாம் வல்லவனின் தேரே முறியும் என்றால், அச்சுக்கு ஏறியிருப்பவர் யார் என்பது ஒரு பொருட்டல்ல என்றுதான் ஆகிறது. அச்சுக்கு அதன் நியதி.

ஸ்டட்டின் நியதியைப் பார்க்கலாம்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற எண்ணம் டர்போ. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது அதன் வேலை. சுமையோடு மேடேறும் டீசல் லோரியில் டர்போவுக்குள் நுழையும் புகை 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதை ஏந்தியிருக்கும் வார்ப்பிரும்பு செங்கனலாக ஒளிர்வதை இரவில் பார்க்கலாம். ஆலையில் குலையை இறக்கிவிட்டு வரிசையில் நிற்கும்போது அது ஆறும். மறுநடையில் மீண்டும் கொதிக்கும். மலாக்காவின் மழையில், தேங்கிய நீர் தெறித்தால், பட்ட இடம் சட்டென்று ஆறும். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் இரும்பு விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. இதற்கு நடுவில், டர்போவின் கனத்தைத் தாங்கியபடி, எஞ்சினின் அதிர்வையும் வாங்கிக்கொண்டு, நாலைந்து ஸ்டட்டுகள் பிடியை விடாமல் இருக்க வேண்டும்.

அவை எதனால் பிடிக்கின்றன? மரை இறுகிக்கொண்டதால் என்பதே பலரின் எண்ணம். உண்மை வேறு. நட்டைத் திருகும்போது ஸ்டட் இழுபட்டு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சிதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. இறுக்கிய போல்ட் ஒரு கெட்டியான வில். 10 மில்லிமீட்டர் பருமனுள்ள, 8.8 என்று தலையில் பொறித்த சாதாரண வலுவுள்ள போல்ட்டை முறையாக இறுக்கினால் ஏறத்தாழ இரண்டரை டன் அழுத்தம் கிடைக்கும். அதற்காக 40 மில்லிமீட்டர் நீளப் பிடியில் அது நீள்வது 0.09 மில்லிமீட்டர் அளவுக்கு; ஒரு தலைமுடியின் பருமன். அந்த முடியளவு நீட்சிதான் முழுக் கட்டும். அது போனால் நட் இருந்த இடத்திலேயே இருக்கும், மரை பழுதின்றி இருக்கும், கட்டு மட்டும் இருக்காது.

கழன்றுபோகும் நட்டுகளின் கதைகளில் பெரும்பாலானவை அந்த முடியளவு நீட்சி எப்படித் தொலைந்தது என்ற கதைகளே. இரண்டு பாகங்களுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் சூட்டில் அமுங்கி 0.02 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 40 மில்லிமீட்டர் ஸ்டட்டின் பிடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடப் போய்விடும். ஸ்டட் 20 மில்லிமீட்டர்தான் என்றால் அதன் நீட்சியும் பாதிதான். அதே அமுக்கத்தில் ஏறத்தாழப் பாதிப் பிடி போய்விடும். கனரக எஞ்சின்களில் நட்டின் அடியில் ஒரு நீண்ட குழல்துண்டை வைத்து, வேண்டுமென்றே நீளமான ஸ்டட்டைப் போடுவது இதனால்தான். குட்டையானது பார்வைக்கு வலுவாகத் தெரியும். நீண்டது பொறுத்துக்கொள்ளும்.

அடுத்தது விரிவு. கடையில் 'துருப்பிடிக்காதது' என்று பளபளப்பாக விற்கும் எஃகை வாங்கிப் போட்டால் நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. வார்ப்பிரும்பு ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 11, 12 பங்கு விரியும். 304, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு 16, 17 பங்கு விரியும். ஸ்டட்டும் அது பிடித்திருக்கும் இரும்பும் ஒன்றாக 400 டிகிரி சூடேறினால், 40 மில்லிமீட்டர் நீளத்தில் ஸ்டட் 0.08 மில்லிமீட்டரோ சற்றுக் கூடவோ அதிகம் நீண்டுவிடும். முன்னர் சொன்ன நீட்சி 0.09. கணக்கு அத்தோடு தீர்ந்தது: பட்டறையில் முழுப் பலத்தோடு இறுக்கியது, மேடேறும் நேரத்தில் பெயருக்குத்தான் மாட்டிக்கொண்டிருக்கும். நீளத்தைக் கூட்டியும் இதைத் தீர்க்க முடியாது. நீட்சி கூடும் அளவுக்கு வேறுபாடும் கூடும். எதோடு சேரப்போகிறதோ அதோடு சேர்ந்து விரியும் உலோகத்தைத் தேர்வதே வழி. துருப்பிடிக்காத எஃகுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதே வகை நட்டோடு உலர்ந்த நிலையில் திருகினால் மரையும் மரையும் ஒட்டிப்பிடித்து, பாதி வழியில் முன்னும் போகாது, பின்னும் வராது.

வெறும் வலுவைப் பார்த்து வாங்குவதும் தவறும். 10.9, 12.9 என்ற எண்கள் குளிர்ந்த நிலையில் உள்ள வலுவைச் சொல்பவை. அந்த வலு, எஃகைச் சுட்டுப் பதப்படுத்திப் பெற்றது. பதப்படுத்திய சூட்டை எஞ்சினின் சூடு நெருங்கும்போது பதம் கலைகிறது. அதற்குக் கீழேயும், நீண்ட நாள் சூட்டில் இழுபட்டு நிற்கும் எஃகு தன் இழுவிசையை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். குரோம், மாலிப்டினம் சேர்ந்த எஃகு இதை ஓரளவு தாங்கும். வனேடியமும் சேர்ந்தால் இன்னும் சற்று. அதற்கும் மேலே இன்கோனல் 718 போன்ற நிக்கல் கலவைகள் உள்ளன. அவை வெகு சூட்டிலும் வலு இழக்காதவை. விரிவிலும் துருப்பிடிக்காத எஃகைவிட வார்ப்பிரும்புக்கு நெருக்கமானவை. விலை பல மடங்கு. துத்தநாகப் பூச்சுள்ள வெள்ளை போல்ட் மட்டும் இங்கே கூடவே கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். உருகியது எஃகின் மணிகளுக்கிடையே புகுந்து அதை நொறுங்கச் செய்யும்.

இனி, கழலாமல் தடுக்கும் உபாயங்கள். நைலான் வளையம் வைத்த நட் 120 டிகிரி வாக்கில் தன் குணத்தை இழக்கும். டர்போ பக்கத்தில் அந்த வளையம் முதல் நடையிலேயே உருகிவிடும். மரைக்குப் பூசும் பசைகளில் சாதாரணமானவை 150 டிகிரி வரைதான். வெட்டுவாய் உள்ள ஸ்பிரிங் வாஷர் எல்லாப் பட்டறைகளிலும் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். ஜெர்மானியப் பொறியாளர் ஜங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு அதன்மேலிருந்த நம்பிக்கையை ஆட்டங்காணச் செய்தது. போல்ட் கழல்வதற்குப் பெருங்காரணம் பக்கவாட்டில் ஏற்படும் நுண்ணிய வழுக்கல் என்றும், பிடி போதாத இடத்தில் அந்த வழுக்கல் நட்டைத் தானாகவே திருப்பிக் கழற்றும் என்றும் அவர் காட்டினார். சூட்டுக்கு ஏற்றவை முழு உலோகத்தாலான நட்டுகள். வாயைச் சற்றே நசுக்கி, செம்புப் பூச்சிட்டவை இவை. நசுங்கிய வாய் மரையைக் கவ்வும், செம்பு ஒட்டிப்பிடிக்காமல் காக்கும். இரட்டை வாஷர்களில் ஒன்றையொன்று பார்த்த சரிவுப் பற்களை வெட்டி வைக்கும் முறையும் உண்டு. அந்தப் பற்களின் சரிவு மரையின் சரிவைவிடச் செங்குத்தாக இருப்பதால் நட் கழலத் திரும்பினால் பிடி கூடுமே தவிரக் குறையாது. நட்டின் மேல் மடக்கும் தகடு, துளையில் கோத்த கம்பி என்ற பழைய முறைகளும் இன்றைக்கும் நம்பத்தக்கவைதான். ஆனால் அவை நட் விழாமல் காக்கும், தளர்ந்த நீட்சியைத் திருப்பித் தராது. அச்சாணியின் வேலையும் ஸ்டட்டின் வேலையும் பிரியும் இடம் இது. ஒன்று தடுப்பது, மற்றொன்று பிடிப்பது.

இறுக்கும் கைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஸ்பானரில் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடியில் உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்விலும் போய்விடும். ஸ்டட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். துருவும் கரியும் ஏறிய மரையில் அதுவும் கிடைக்காது. கை வலிக்கும், பிடி இருக்காது. எண்ணெயோ சூடு தாங்கும் பசையோ தடவிய மரையில் அதே முறுக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாய் இழுத்து ஸ்டட்டை முறித்துவிடலாம். 'நல்லா இறுக்கியாச்சு' என்ற சொல்லில் பொய் இல்லை. அந்தச் சொல்லுக்கு எண் இல்லை, அவ்வளவே. டார்க் ரெஞ்சும், எஞ்சின் நிறுவனம் அச்சிட்ட அட்டவணையும் இல்லாமல் அந்த எண்ணைக் கை தானாகச் சொல்லாது.

இங்கே முதல் கேள்விக்குத் திரும்பலாம். சரஸ்வதியும் ஆயுதமும் ஒரே நாளில், ஒரே மேசையில் வைக்கப்படுகின்றன. அந்த ஏற்பாட்டின் பொருள் அட்டவணையில்தான் வெளிப்படுகிறது. புத்தகம் இல்லாத ஸ்பானர் டர்போவைப் பிடித்துவைக்க முடியாது. எண்ணெய்க் கறை படிந்த பராமரிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகளின் பாடநூல்களோடு சேர்த்து மேசையில் வைக்கும் பட்டறை, பூஜையின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்ட பட்டறை. அதை இழுப்பறையில் போட்டுவிட்டு ஸ்பானருக்கு மட்டும் சந்தனம் வைப்பது பாதிப் பூஜை.

சைவ சித்தாந்தம் இதற்கு ஆழமான அடிப்படை தருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் செய்த சிவஞானபோதமும் அதை விரித்த நூல்களும் பதி, பசு, பாசம் என்ற மூன்றைப் பேசுகின்றன. பாசம் என்றால் கயிறு, கட்டு. ஆணவம், கன்மம், மாயை என்று அது மூவகை. கட்டு என்றாலே அறுக்க வேண்டியது என்று எண்ணத் தோன்றும். சித்தாந்தம் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. மாயையிலிருந்து உயிருக்கு உடம்பும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் கிடைக்கின்றன. தனு, கரணம், புவனம், போகம் என்பது அவர்கள் வழக்கு. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு விடியும்வரை மாயை விளக்காக உதவுகிறது என்பது அவர்கள் காட்டும் உவமை. ஆக, கரணம் இறைவன் அல்ல, பகையும் அல்ல. இறைவன் தந்த துணை. கருவியை வணங்குவதில் தவறு இல்லை என்பதற்கும், கருவியே காப்பாற்றிவிடும் என்று கையைக் கட்டிக்கொள்வதில் பொருள் இல்லை என்பதற்கும் இந்த ஒரே இடம் விடை தருகிறது. விளக்கைக் கும்பிட்டுவிட்டுத் திரியைத் தூண்டாமல் விட்டால் விளக்கு எரியாது.

விதி என்ற சொல்லும் இங்கே வரத்தான் செய்யும். மேட்டில் டர்போ கழன்று, கொதிக்கும் புகை எண்ணெய்க் குழாயைச் சுட்டுத் தீப்பிடித்தால், முனியாண்டி கோயிலில் பழம் வைத்துவிட்டுப் புறப்பட்ட வண்டிக்கா இப்படி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். விதி என்று ஆறுதல் சொல்பவர்களும் இருப்பார்கள். இழப்பில் இருப்பவருக்குச் சொல்லும் ஆறுதலாக அதற்கு இடமுண்டு. காரணமாக அதற்கு இடமில்லை. சித்தாந்தம் கன்மத்தை மூன்றாகப் பிரித்தது இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான் என்று தோன்றுகிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்போது நுகரப்படுவது பிராரத்தம். இப்போது செய்யப்பட்டு இனி வரப்போவது ஆகாமியம். இன்று எந்த ஸ்டட்டைத் தேர்கிறோம், எவ்வளவு இறுக்குகிறோம் என்பது ஆகாமியத்தின் கணக்கு. அதை எடுத்துப் பிராரத்தத்தில் எழுதினால் கணக்கு தவறும், கண்ணும் மூடிக்கொள்ளும். திருக்குறளிலும் ஊழ் 38-ஆம் அதிகாரம் என்றால் ஆள்வினையுடைமை 62-ஆம் அதிகாரம். ஊழுக்கு அவ்வளவு வலிமை கொடுத்த நூலே, தெய்வத்தால் ஆகாததையும் உழைப்பு தரும் என்று அங்கே சொல்கிறது. இரண்டையும் ஒரே கையில் வைத்திருப்பவர் பட்டறையில் நல்ல வேலைக்காரராக இருப்பார்.

பற்றைப் பற்றியும் ஒரு சொல். துறவு நூல்கள் பற்றை விடச் சொல்லும். குடும்பமும் தொழிலும் பற்றிக்கொள்ளச் சொல்லும். ஸ்டட்டின் நடைமுறை இந்த வழக்கைத் தீர்த்துவிடாது; ஆனால் பற்று என்ற சொல்லைச் சற்றுத் தெளிவாக்குகிறது. நெகிழாத பிடி பிடியே அல்ல என்று அது காட்டுகிறது. மேனிஃபோல்டில் நடுத்துளையை மட்டும் அளவாகத் துளைத்து, ஓரத்துத் துளைகளை நீள்வட்டமாக விடுவது வழக்கம். சூட்டில் இரும்பு நீண்டால் நகர இடம் வேண்டும். ஆறு உருளை எஞ்சின்களில் மேனிஃபோல்டையே துண்டுகளாக வார்த்து ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும்படி செருகுவார்கள். நகர விடாமல் எல்லா மூலையிலும் கெட்டியாய்ப் பிடித்தால் வார்ப்பு வெடித்துவிடும். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று தெரிந்து அமைத்த கட்டுதான் ஆண்டுக்கணக்கில் நிற்கும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உறுதி என்று எண்ணும் மனம், எஞ்சினிலும் வீட்டிலும் வெடிப்பையே காணும்.

இந்தத் தேர்வெல்லாம் யாருடையது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சரியான ஸ்டட் எது என்று ஃபிட்டருக்குத் தெரிந்திருக்கும். சரக்கறையில் இருப்பது வெள்ளைப் பூச்சு போல்ட்டாக இருக்கும். கேட்டால் அடுத்த மாதம் என்று பதில் வரும்; வண்டியோ இன்று மாலை ஆலைக்குப் போயாக வேண்டும். அந்த இடத்தில் ஃபிட்டரின் கவனக்குறைவைப் பேசுவது அநீதி. ஆயுத பூஜைக்கு இனிப்பும் வேட்டியும் தரும் முதலாளிக்கும் அதே பூஜையின் கடமை உண்டு. கருவியை வணங்குவது என்றால் கருவிக்கு உரியதைக் கொடுப்பது. கருவியோடு நிற்கும் மனிதருக்கும் உரியதைக் கொடுப்பது. அப்பர் பெருமான் கையில் உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். சைவத்தில் தொண்டின் கருவியாக அது இன்றும் போற்றப்படுகிறது. கையால் செய்யும் பணியைச் சரியை என்று பெயரிட்டு வழிபாட்டின் படியாகவே வைத்த மரபு இது. அந்த மரபில் வந்த உழைப்பாளியிடம் தகாத பொருளைக் கொடுத்துத் தகுந்த வேலையைக் கேட்கக்கூடாது.

தளர்ச்சியை முன்னரே காட்டிக்கொடுக்கும் குறிகள் உண்டு, பார்ப்பவருக்குத் தெரியும். டர்போவும் மேனிஃபோல்டும் சேரும் விளிம்பில் கரி ஒரு விசிறியைப் போல வெளிநோக்கி விரிந்திருக்கும். தொட்டால் விரலில் மை போல ஒட்டும், உலர்ந்திருக்கும். எண்ணெய்க் கசிவின் பிசுபிசுப்பு இருக்காது. காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் 'டிக் டிக்' என்று மெல்லிய ஓசை வரும். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளி அடைபட, ஓசை நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று நினைப்பது அப்போதுதான். மேடேறும்போது பழைய இழுவை இல்லை, கரும்புகை கூடுகிறது என்றால், டர்போவுக்குப் போக வேண்டிய புகை வழியிலேயே கசிகிறது. ஓட்டுநர் அறையில் புகை நாற்றம் வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

ஆயுத பூஜையன்று மேசையில் வைத்த கருவியை அன்று எடுப்பதில்லை. வைத்த புத்தகத்தைப் படிப்பதுமில்லை. விஜயதசமிக் காலையில்தான் இரண்டும் மீண்டும் கைக்கு வரும். அந்த ஒருநாள் ஓய்வில் லோரியின் எஞ்சின் உள்ளே வரை முழுக்க ஆறிவிடுகிறது. டர்போ ஸ்டட்டுகளின் இறுக்கத்தைச் சோதிப்பதற்கு வேண்டிய நிலையும் அதுவே: சூட்டில் சரிபார்த்தால் எண் தவறும், எஞ்சின் நிறுவனம் வேறு விதமாகச் சொன்னாலன்றிக் குளிர்ந்த இரும்பில்தான் அளக்க வேண்டும். விஜயதசமியன்று பிள்ளைகள் அரிசியில் அகரம் எழுதித் தொடங்குவார்கள். பட்டறையில், மேசையிலிருந்து எடுத்த பராமரிப்புப் புத்தகத்தில் அந்த எஞ்சினுக்குரிய பக்கத்தைத் திறந்து, டார்க் ரெஞ்சை அந்த எண்ணில் வைத்து, டர்போவின் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றிப் பார்த்துவரலாம். கரி விசிறி தெரியும் விளிம்பில் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கழற்றிய பழைய நட்டுகளை மறுபடி போடக்கூடாது.